திருத்தணி வழியாக, தறி நிறுத்திய தெருவுக்கு

திருத்தணியைப் பற்றி இந்த வலைப்பூவில் முன்பே எழுதியிருக்கிறேன். எந்த ரயிலில் ஏறுவது, மலைமேல் செருப்பை எங்கே விடுவது, எந்தக் கடையில் பொங்கல் வாயில் வைக்கிற மாதிரி இருக்கும் என்றெல்லாம் அளந்துவிட்டிருக்கிறேன். இந்த முறை சாமி பார்க்கப் போகவில்லை. போன ஆவணியில், ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு புதன்கிழமை கிளம்பினேன். என்னோடு சென்னை மகளிர் விடுதியில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்த கலைச்செல்வியின் மகள் தீபிகாவுக்கு அடுத்த திங்கட்கிழமை பெரிய அறுவை சிகிச்சை. பத்து வயதுப் பெண். வலது முழங்காலுக்குச் சற்று மேலே, எலும்பில் புற்றுநோய்.

இதை எழுதச் சொன்னதே கலைதான். "எழுதுக்கா. எங்க வூட்டுக்கு வந்தவங்க யாருக்கும் இன்னா பேசறதுன்னு தெரியல. எங்களுக்கும் தெரியல" என்றாள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். உங்களில் யாராவது இப்படி ஒரு வீட்டுக்குப் போக வேண்டி வந்தால், பேருந்து எண்ணைவிட இது உதவும் என்று நினைக்கிறேன்.

சில மாதங்களாகச் சென்னையில் கீமோ நடந்தது. அது முடிந்ததும், அறுவைக்கு முன் உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நன்றாகச் சாப்பிட வேண்டும், எடை குறையக் கூடாது, சளி காய்ச்சல் வரக் கூடாது; உடம்பு தளர்ந்தால் தேதி தள்ளிப் போகும், தள்ளிப் போவது நல்லதல்ல என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஊருக்கு வந்தார்கள். செவ்வாய்க்கிழமை முழுக்கப் பெண் சாப்பிடவில்லை. அன்று சாயங்காலம் கலை போன் செய்தாள். "நீ ஒண்ணும் செய்ய வேணாம்க்கா, வந்து கூட இரு" என்றாள்.

அப்படிச் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒன்றும் செய்யாமல் இருக்க எனக்கு எங்கே தெரியும்? ஆப்பிள் வாங்கினேன், திராட்சை வாங்கினேன், சத்துமாவு டப்பா ஒன்று, வண்ணப் பென்சில் ஒரு பெட்டி. இதில் பழங்கள் வீண். தோலுரிக்க முடியாத பழம் அந்தப் பெண்ணுக்கு அப்போது ஆகாது என்று வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வாங்குவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

சென்னை சென்ட்ரல் பக்கத்துப் புறநகர் நிலையத்திலிருந்து திருத்தணிக்கு நேராகப் போகும் மின்சார ரயில் இருக்கிறது. எண்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. டிக்கெட், இரண்டு டீ குடிக்கிற காசுதான். ஏழு மணி வாக்கில் ஏறினால் இடம் கிடைக்கும். அரக்கோணத்தில் பாதி வண்டி காலியாகிவிடும், பிறகு கால் நீட்டிக்கொள்ளலாம். நான் கால் நீட்டவில்லை. போனதும் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். "தைரியமா இரு" என்பதைத் தவிர எதுவும் வரவில்லை. அவள் ஏற்கெனவே தைரியமாகத்தான் இருக்கிறாள், நான்தான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன் என்று அப்புறம் உறைத்தது.

திருத்தணியில் இறங்கிப் பேருந்து நிலையத்தில் ஒரு காபி குடித்தேன். காபி என்று அவர்கள் சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். அங்கிருந்து பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை என்று பலகை போட்ட வண்டிகள் நிற்கும். எல்லாம் ஒரே வழியாகப் போவதில்லை. கலையின் ஊரான அம்மையார்குப்பம் போகுமா என்று கேட்டு ஏறுங்கள். சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம் ஆகும். சாதாரண டவுன் பஸ் என்றால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

கண்டக்டரிடம் இன்ன தெரு என்று சொல்லி எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டேன். என்னையும் என் பழப்பையையும் பார்த்தார். "அந்தப் பாப்பா வூட்டுக்கா போறீங்க? தெருவே தறிய நிறுத்திட்டுக் கீறாங்கம்மா. குழந்தைக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு" என்றார். பிறகு சரியான திருப்பத்தில் விசில் அடித்து வண்டியை நிறுத்தி, பையையும் இறக்கிக் கொடுத்தார்.

அம்மையார்குப்பம் போனவர்களுக்குத் தெரியும், ஊருக்குள் நுழைந்தாலே பவர்லூம் சத்தம் காதை அடைக்கும். வீட்டுக்கு வீடு தறி. பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். மூன்று தெரு தாண்டும்வரை அப்படித்தான் இருந்தது. கலையின் தெருவில் திரும்பியதும் சத்தம் சட்டென்று குறைந்தது. இருபது வீட்டுக்கு மேல் இருக்கும், ஒரு தறியும் ஓடவில்லை. ஆட்கள் வாசலில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பேசினாலும் தணிந்த குரலில் பேசினார்கள்.

எதிர்வீட்டுக்காரர் தணிகாசலம். ஐம்பது வயது இருக்கும். அவர்தான் முதலில் தன் தறியை நிறுத்தியவராம், அவரைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். நெய்தால்தான் கூலி என்கிற ஊரில் இது சாதாரணம் இல்லை. பாப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற வரைக்கும் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தெரு எனக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமையாகக்கூட இருந்தது.

வீட்டுக்குள் கூட்டம். சித்தூர்ப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள், வேலூரிலிருந்து சொந்தக்காரர்கள். பெண்கள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக யாராவது வந்தால் எல்லோரும் ஒரு சுற்று அழுதார்கள். வாசல் அறையில் கலையின் கணவன் முரளியின் இரண்டு தறிகளும் துணி போட்டு மூடிக் கிடந்தன. உள் அறைக் கட்டிலில் தீபிகா, காலில் பட்டை போட்டு, தலையில் பச்சைக் குல்லாயோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆறிப்போன இட்லித் தட்டு.

கலை என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனாள். பெண்ணுக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். டாக்டர் காலைப் பார்க்கணும், ஒரு பெரிய போட்டோ எடுக்கணும் என்று சொல்லி வைத்திருக்கிறார்களாம். அறுவையைப் பற்றி மூச்சு விடவில்லை. மருத்துவமனையில் குடும்பங்களோடு பேசுவதற்கென்றே இருக்கிற ஒரு அம்மா, குழந்தைக்குப் புரிகிற மாதிரி முன்பே சொல்லிவிடுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் அவளே ஒன்றைக் கற்பனை பண்ணிக்கொள்வாள் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். சொல்லலாம் என்று தினமும் நினைத்து, தினமும் நாளைக்கு என்று தள்ளியிருக்கிறார்கள். நான் குறை சொல்ல வரவில்லை. என் வயிற்றில் பிறந்த பிள்ளையாக இருந்தால் நானும் தள்ளித்தான் இருப்பேன்.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். கூட்டம் டீ குடிக்க வெளியே போயிருந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்குப் பக்கத்தில் வண்ணப் பென்சில் பெட்டியை வைத்தேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாய்க்கு வரவில்லை, நல்லவேளை. அவள் திரும்பாமலேயே கேட்டாள்.

"பெரிம்மா, என்னை எப்ப எடுப்பாங்க?"

எதை என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

"சாவு வுழுந்தா தான் எங்க தெருல தறிய நிறுத்துவாங்க. கடைசி வூட்டுத் தாத்தா செத்தப்ப நிறுத்தினாங்க. எடுத்தப்புறம் தான் போட்டாங்க. இப்ப எனக்காக முன்னாடியே நிறுத்திட்டாங்க இல்ல?"

தெருவே கூடிச் செய்த நல்ல காரியம் இந்தப் பெண்ணுக்கு எப்படிக் கேட்டிருக்கிறது பாருங்கள். திங்கட்கிழமை அவள் வந்து இறங்குகிறாள், தறிகள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. தூரத்துச் சொந்தமெல்லாம் வந்து குவிகிறது. வருகிறவர்கள் அழுகிறார்கள், அவள் கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்கள். பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் வளர்ந்தவள், அவள் வேறு எப்படிக் கணக்குப் போடுவாள்? பெரியவர்கள் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. காலையில் அதே தெருவில் நின்று கண் கலங்கிய எனக்கும் தோன்றவில்லை.

அப்படியெல்லாம் இல்லை கண்ணு என்று அணைத்துக்கொள்ளத்தான் கை துடித்தது. ஆனால் இத்தனை நாளும் அவளிடம் எல்லோரும் அதைத்தானே சொன்னார்கள். அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவள் அப்பா அம்மா. "நீ கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி. உங்க அம்மாவையும் நைனாவையும் கூட்டிக்கினு வரேன், அவங்க நிஜத்தைச் சொல்லுவாங்க" என்றேன். தலையை ஆட்டினாள். இத்தனை நேரத்தில் அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

வெளியே வந்து இருவரிடமும் சொன்னேன். கலை சுவரில் சாய்ந்துவிட்டாள். முரளி மூடி வைத்த தறி மேல் கையை ஊன்றி நின்றான். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கலை சொல்லுவாள் என்று நான் நினைத்தேன், அவன்தான் முதலில் உள்ளே போனான். என்னைக் கதவோரம் நிற்கச் சொன்னார்கள், நின்றேன். அவன் சொன்னதை அவர்கள் அனுமதியோடு அப்படியே எழுதுகிறேன்.

"உன் முட்டிக்கு மேல எலும்புல ஒரு கட்டி கீது. மருந்துல சின்னதாச்சு, ஆனா முழுசாப் போவாது. அதனால திங்கட்கிழமை ஆபரேஷன் பண்ணி அந்த எலும்ப எடுத்துட்டு, அதுக்குப் பதிலா இரும்பு மாதிரி ஒண்ணு வெப்பாங்க. நீ தூங்கிக்கினு இருப்ப, வலி தெரியாது. அப்புறம் வலிக்கும், அதுக்கு மருந்து குடுப்பாங்க. போட்டோன்னு சொன்னது பொய்ம்மா. நைனாவுக்குச் சொல்லத் தெரியல."

அவள் கேட்டாள், "நான் செத்துடுவேனா?"

கலை வாயைத் திறந்தாள். முரளி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பொழைக்கறதுக்காகத் தான் போறோம். நல்லா வரும்னு தான் டாக்டரம்மா சொல்றாங்க. எனக்கும் பயமாத்தான் கீது. நீ முழிச்சிக்கும்போது பக்கத்துல நான் இருப்பேன்."

மூன்று பேரும் அழுதார்கள். அதுவரை அந்த வீட்டில் நடந்த அழுகையெல்லாம் அந்தப் பெண்ணைச் சுற்றி, அவளை விட்டுவிட்டு நடந்தது. இதில் அவளும் சேர்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேள்வியாகக் கேட்டாள். தையல் போடுவார்களா, கிரிக்கெட் ஆடலாமா, அந்த இரும்பு துருப்பிடிக்குமா. தெரிந்ததற்கு முரளி பதில் சொன்னான், தெரியாததை டாக்டரிடம் கேட்கலாம் என்றான். கடைசியில் அவள் சொன்னது: "அப்ப தறியப் போடச் சொல்லு நைனா."

முரளி தெருவில் இறங்கி விஷயத்தைச் சொன்னபோது தணிகாசலம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் போய் என்ன காரியம் பண்ணிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். முரளி அவரை எழுப்பி, "பாவா, உன் மேல தப்பு இல்ல. போய் மோட்டாரப் போடு" என்றான். முதலில் அவருடையது ஓடியது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. கால் மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. தீபிகா சூடாக இரண்டு இட்லி தின்றாள், மூன்றாவதையும் பாதி தின்றாள். அந்தச் சத்தத்திலேயே தூங்கியும் போனாள். எனக்குத்தான் தலைவலி.

மறுநாள் வியாழக்கிழமை அதிகாலையில் மலைக்குப் போனோம். மருத்துவரிடம் போனில் கேட்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் முகக்கவசத்தோடு போய்வரலாம் என்று அவர் சொன்ன பிறகுதான் கிளம்பினோம். வாடகைக் கார், போக வர ஆயிரத்து ஐந்நூறு. படி ஏற முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், மேலே வரை தார்ச்சாலை இருக்கிறது. கார் நிற்கும் இடத்திலிருந்து முரளி அவளைத் தூக்கிக்கொண்டான். கிருத்திகை, செவ்வாய்க்கிழமை, விடுமுறை நாள் இவற்றைத் தவிர்த்துவிட்டால் காலை ஏழு மணிக்குள் நிம்மதியாகப் பார்த்துவிட்டு இறங்கலாம்.

முரளியின் அக்கா வேணியும் வந்திருந்தார். குழந்தைக்கு நோய் என்று தெரிந்த அன்றே மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டவர் அவர். இப்போது கீமோவில் குழந்தையின் தலையில் ஒரு முடியும் இல்லை, வேண்டுதலை எப்படிக் கழிப்பது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். யாரிடம் கேட்பது, குருக்களிடமா, முடி இறக்குகிறவரிடமா என்று தவித்தார். "முருகர் அட்வான்ஸாவே வாங்கிக்கினாரு அத்த, வுடு" என்றாள் தீபிகா. வேணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார். இந்தக் கோயில் சந்தனத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பவர்கள் உண்டு. அதைக் குடிக்கத் தராமல், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று கலை பொட்டலமாகவே பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நானும் கலையும் சுற்றுச்சுவர் ஓரம் சற்று நேரம் உட்கார்ந்திருந்தோம். கீழே ஊர், தண்டவாளம், ஆந்திரா பக்கத்து மலைகள் எல்லாம் பனிமூட்டத்தில் மங்கலாகத் தெரிந்தன. பொண்ணுகிட்ட மறைக்கிறதே ஒரு தனி வேலையா இருந்துச்சுக்கா, இப்பத்தான் தோள் லேசாச்சு என்றாள் கலை. அறுவை அப்படியேதான் முன்னால் இருந்தது, பயமும் குறையவில்லை. ஆனாலும் அன்று அவளும் சாப்பிட்டாள். அடிவாரத்து ஓட்டலில் பூரி, நாற்பது ரூபாய், கிழங்கு நன்றாக இருந்தது.

இனி, இப்படி ஒரு வீட்டுக்குப் போகப் போகிறவர்களுக்கு. போவதற்கு முன் என்ன வேண்டும், எப்போது வரலாம் என்று கேளுங்கள். லேசாகத் தும்மல் இருந்தாலும் போகாதீர்கள், போன் போதும். உங்களுக்குத் தெரிந்த இன்னொருவர் கதையை அங்கே எடுக்காதீர்கள், நல்லபடியாக முடிந்த கதையாக இருந்தாலும் வேண்டாம். கடவுள் சோதிக்கிறார் என்று சொல்ல வாய் வந்தால் அந்த வாயில் ஒரு வாய் காபியை ஊற்றிக்கொள்ளுங்கள். குழந்தை முன்னால் கிசுகிசுக்காதீர்கள், அதற்கு எல்லாம் கேட்கிறது. அது கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பேச்சை மாற்றாதீர்கள், பெற்றோரைக் கூப்பிடுங்கள். பெற்றோருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாவிட்டால் மருத்துவமனையில் கேட்கலாம், பல இடங்களில் அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். எதுவுமே தோன்றவில்லை என்றால் பாத்திரம் கழுவுங்கள். அன்று நான் கழுவினேன், அதற்குத்தான் கலை நன்றி சொன்னாள்.

என் கண்ணில் இன்னும் நிற்பது திங்கட்கிழமை காலை. நான் சென்னையில்தானே இருக்கிறேன், ஆறு மணிக்கே மருத்துவமனைக்குப் போய்விட்டேன். தீபிகாவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து அறுவை அரங்கின் வாசல் வரை கொண்டு வந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்தார். நோயாளி பெயர், எந்தப் பக்கம், என்ன அறுவை என்று கேட்டுச் சரிபார்ப்பது அங்கே வழக்கம். குழந்தைகள் என்றால் பெற்றவர்களிடம் கேட்பார்கள் போலிருக்கிறது, அவர் கலையைப் பார்த்துத்தான் கேட்டார். கலை முரளியைத் திரும்பிப் பார்த்தாள். முரளி தீபிகாவைப் பார்த்தான்.

தலையைத் தூக்கி தீபிகாவே சொன்னாள். "என் பேரு தீபிகா. வலது காலு. கட்டி இருக்கிற எலும்ப எடுத்துட்டு வேற வெக்கப் போறீங்க. முழிச்சிக்கினா எங்க நைனா பக்கத்துல இருக்கணும், அத எழுதிக்கோங்க."

நர்ஸ் அவளை ஒரு நொடி பார்த்தார். "ஆங், எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே எழுதினார். கதவு மூடியது.

மத்தியானத்துக்கு மேல் அவள் கண் விழித்தபோது, பச்சை அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு முரளி அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.